ஹான்லேயின் இருள் யார் கையில்?

புது தில்லி: லடாக்கின் ஹான்லே பகுதியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், ஆசியாவின் மிகப் பெரிய செரன்கோவ் தொலைநோக்கி 2024 அக்டோபர் 4-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. 'மேஸ்' எனப்படும் இத்தொலைநோக்கியின் விட்டம் 21 மீட்டர். பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டு நிறுவனங்களின் துணையுடன் உருவாக்கிய இக்கருவி பயன்தர வேண்டுமானால், அப்பகுதியின் இரவு இருளாகவே இருந்தாக வேண்டும்.

விண்ணிலிருந்து வரும் காமா கதிர்கள் தரையை எட்டுவதில்லை. வளிமண்டலத்தில் மோதி, மின்னூட்டம் பெற்ற துகள்களின் பொழிவாகச் சிதறிவிடுகின்றன. காற்றில் ஒளி செல்லும் வேகத்தையும் விஞ்சி விரையும் அத்துகள்கள், நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் மெல்லிய நீல ஒளியை எழுப்புகின்றன. அந்த ஒளியைப் பதிவு செய்து, கதிர் வந்த திசையையும் ஆற்றலையும் 'மேஸ்' கணிக்கிறது. கருந்துளைகளும் வெடித்த விண்மீன்களின் எச்சங்களும் இவ்வாறே ஆராயப்படுகின்றன. இதற்கு நிலவொளியே இடையூறு எனில், மின்விளக்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இத்துறையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1969-இல் உதகமண்டலத்தில் இத்தகைய ஆய்வைத் தொடங்கினர். 1986-இல் கருவிகள் மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. 2008-இல் ஹான்லேயில் ஏழு தொலைநோக்கிகள் கொண்ட 'ஹகார்' அமைப்பு நிறுவப்பட்டது.

ஹான்லேயைச் சுற்றிய சுமார் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிராம மக்கள் சன்னல்களுக்குத் தடித்த திரையிடுகின்றனர். விளக்குகளுக்கு மூடி பொருத்துகின்றனர். உள்ளூர் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று, சுற்றுலாப் பயணிகளுக்கு வானைக் காட்டிப் பொருளீட்டுகின்றனர். அறிவியலுக்கும் மக்களுக்கும் ஏற்பட்ட அரிய உடன்பாடு இது.

இந்த உடன்பாடு நீடிக்குமா என்பது அரசியலையும் பொறுத்தது. லடாக் 2019-இல் சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசமாக்கப்பட்டது. அதன்பின் மாநிலத் தகுதியும், அரசமைப்புச் சட்டத்தின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கோரிப் போராட்டங்கள் எழுந்தன. 2025 செப்டம்பரில் லே நகரில் நால்வர் உயிரிழந்தனர். எல்லையோரப் பகுதியான ஹான்லேயில் சாலைகளும் விடுதிகளும் பெருகினால் விளக்குகளும் பெருகும். எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதைத் தீர்மானிப்பதில் அம்மண்ணின் மக்களுக்கு இடமில்லையெனில், அவர்கள் இதுவரை காத்துவரும் இருளுக்கும் உத்தரவாதம் இல்லை.