உயர் நுண்கணிதமும் துணைநூல் தேர்வும்

கணிதம் பயிலும் இளங்கலை மாணவர் எதிர்கொள்ளும் முதற்பெரும் மலைப்பு உயர் நுண்கணிதம் ஆகும். மேனிலைப் பள்ளியில் வகைக்கெழுவைக் கண்டுபிடிக்கக் கற்றவர், இங்கே அவ்வகைக்கெழு உண்டா என வினவக் கற்க வேண்டியவராகிறார். அங்கே விடை வந்தால் போதும். இங்கே அவ்விடை ஏன் வந்தது, எந்நிலையில் வாராது என்பனவும் தெரிய வேண்டும். இம்மாற்றத்தைத் தாங்க இயலாத மாணவர், பாடநூல் சரியில்லை என்று எண்ணி வேறொரு நூலை நாடுகிறார். அதுவும் புரியாவிடில் மூன்றாவதை நாடுகிறார். முடிவில், "எனக்குக் கணிதம் வாராது" என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். குறை மாணவரிடத்திலும் இல்லை, நூலிடத்திலும் இல்லை. தேர்விலேயே உள்ளது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு துணைநூல் மாணவரின் சிந்தனையை எவ்வாறு வடிக்கும் என்பதற்கு இருவர் வாழ்வு சான்றாகும். 1903ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் மாணவராயிருந்த இராமானுஜனின் கைக்குக் கார் என்பவர் தொகுத்த நூல் ஒன்று வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 5000 கணித முடிவுகளை வரிசைப்படுத்திக் கூறும் அந்நூலில் நிறுவல்கள் மிகச் சுருக்கமாகவே இருந்தன. பலவற்றிற்கு நிறுவலே இல்லை. இராமானுஜன் அம்முடிவுகளைத் தாமே வருவிக்க முற்பட்டார். அதன் வழியே புதியன கண்டார். இங்கிலாந்திலோ, கேம்பிரிட்ஜில் பயின்ற ஹார்டி, தம் ஆசிரியர் லவ் என்பாரின் அறிவுரைப்படி பிரெஞ்சு அறிஞர் ஜோர்டானின் பகுப்பாய்வு நூலைப் படித்தார். கணிதம் என்றால் என்ன என்பதை அந்நூலே தமக்கு முதன்முதல் உணர்த்தியது என்று 1940இல் வெளிவந்த தம் நூலில் அவர் குறிப்பிடுகின்றார். 1913இல் இராமானுஜனின் மடல் ஹார்டியை அடைந்தபோது, ஒருவரிடம் வியத்தகு முடிவுகள் இருந்தன. மற்றவர் அவற்றிற்கு நிறுவல்களைக் கேட்டார். இருவரும் இளமையில் பயின்ற துணைநூல்களின் சாயல் அம்மடற் போக்குவரத்திலும் புலப்படுவதைக் காண்கிறோம். இராமானுஜனுக்கு முடிவுகளின் தொகுப்பே போதுமானதாயிற்று. அத்தகு மேதைமை வாய்க்கப் பெறாத நமக்கு அது போதாது.

ஆகவே, "எந்த நூல் சிறந்தது?" என்று கேட்பதற்கு முன், "என் குறை யாது?" என்று கேட்டல் வேண்டும். குறைகளை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, பயிற்சிக் குறை. கருத்து விளங்கியும் கணக்குச் செய்யக் கை வாராதவர்க்குத் தீர்வுகளுடன் கூடிய கணக்குகள் நிறைந்த நூலே துணை. ஷாம் வரிசையில் 1963இல் வெளிவந்த ஸ்பீகலின் 'அட்வான்ஸ்டு கால்குலஸ்' இவ்வகையினது. ஆயினும் தீர்வை மறைத்து வைத்துத் தாமே முயன்ற பின்னரே அதனைப் பார்த்தல் வேண்டும். தீர்வைப் படித்தல் கணக்குச் செய்தல் ஆகாது.

இரண்டாவது, பொருள் விளங்காக் குறை. கணக்குச் செய்ய இயலும். ஆனால் அது எதைக் குறிக்கிறது என்பது தெரியாது. இவர்க்குக் கூரான்டின் இரு தொகுதிகள் பெருந்துணையாகும். 1934, 1936ஆம் ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வெளிவந்த அவை, வடிவியலையும் இயற்பியலையும் நுண்கணிதத்தோடு இணைத்துக் காட்டுவன.

மூன்றாவது, நிறுவற் குறை. தேற்றம் விளங்கும், அதனை நிறுவும் நெறி பிடிபடாது. இவர்க்கு 1967இல் வெளிவந்த ஸ்பிவாக்கின் 'கால்குலஸ்' நல்ல தொடக்கம். அதன்பின் 1957இல் முதற்பதிப்புக் கண்ட அப்போஸ்டலின் 'மேதமேட்டிக்கல் அனாலிசிஸ்' நூலுக்குச் செல்லலாம். 1953இல் வெளிவந்த ரூடினின் நூல் புகழ் மிக்கது. ஆயின் சொற்சுருக்கம் மிக்கது. அதனை முதல் துணைநூலாகக் கொள்வோர் பலர் இடையிலேயே சோர்வடைகின்றனர். ஸ்பிவாக்கின் மற்றொரு நூலான 'கால்குலஸ் ஆன் மேனிஃபோல்ட்ஸ்' அளவிற் சிறியது. அளவின் சிறுமையை எளிமை என மயங்குதல் கூடாது.

இம்மூன்றினும் அடங்காத குறை ஒன்றும் உண்டு. பல மாறிகளைக் கொண்ட சார்புகளில் இடர்ப்படும் மாணவர்க்கு உண்மையில் இல்லாதது நேரியல் இயற்கணித அறிவாக இருக்கக்கூடும். அவர் நாட வேண்டியது இன்னொரு நுண்கணித நூல் அன்று. அணிகளையும் திசையன்களையும் தெளிவாகக் கூறும் நூலே ஆகும்.

வாங்குமுன் நூலைச் சோதிக்க எளிய வழி ஒன்று கூறுவோம். இரு மாறிகளைக் கொண்ட சார்பினை முதலில் ஒன்றாலும் பின்னர் மற்றதாலும் பகுதி வகையிட்டால், வரிசையை மாற்றினும் விடை மாறாது என மாணவர் மனனம் செய்கின்றனர். இது எப்போதும் உண்மையன்று. இரு மாறிகளின் பெருக்கற்பலனை அவற்றின் வர்க்கங்களின் வேறுபாட்டால் பெருக்கி, வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஆதிப்புள்ளியில் மதிப்பு 0 எனக் கொள்வோம். ஆதிப்புள்ளியில் ஒரு வரிசைப்படி விடை 1. மறு வரிசைப்படி −1. அவ்விரண்டாம் வகைக்கெழுக்கள் அப்புள்ளியில் தொடர்ச்சியுடையனவாக இல்லாமையே இதற்குக் காரணம். நூலகத்தில் மூன்று நூல்களை எடுத்து இப்பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள். விதிக்குரிய நிபந்தனையை நூல் கூறுகிறதா? விதி பொய்க்கும் இடத்தைக் காட்டுகிறதா? அதை நீங்கள் பின்தொடர முடிகிறதா? மூன்றிற்கும் ஆம் எனில் அதுவே உங்கள் நூல்.

தேர்ந்தபின் ஒன்றையே பற்றி நிற்றல் நன்று. நூலுக்கு நூல் குறியீடு வேறுபடும். ஆதலின் பாடநூற் குறியீட்டையும் துணைநூற் குறியீட்டையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம். ஆங்கிலத்தில் படித்த தேற்றத்தை அன்று மாலையே நண்பரிடம் தமிழில் எடுத்துரையுங்கள். சொல்லத் தடைப்படும் இடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம். தமிழ்த்துறை மலரில் இக்கட்டுரை இடம்பெறுவதற்குரிய நியாயமும் அதுவே.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். இன்று கைப்பேசியிலேயே நூல்கள் பல கிடைக்கின்றன. எனினும் பேனாவும் தாளுமாக அமர்ந்து கற்பார்க்கு அச்சு நூலின் பயன் குறையவில்லை. அதன் விலையோ எளிய குடும்பத்து மாணவர்க்கு எட்டுவதில்லை. நூலகத்திற்கு நூல் வழங்க விழைவோர், முப்பது வெவ்வேறு நூல்களை அளிப்பதினும், ஆசிரியரைக் கலந்து தேர்ந்த மூன்று நூல்களில் பப்பத்துப் படிகளை அளிப்பது மேலானது. பத்து மாணவர் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்து வாதிடும் மேசையில்தான் கணிதம் வளரும்.