1400 மதிப்பெண்ணை மறைக்கலாமா?

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1600-க்கு 1400 எடுத்த மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் டார்ட்மவுத் கல்லூரிக்கு விண்ணப்பித்தார் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்ணை அனுப்பலாமா, விட்டுவிடலாமா? 2020-இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடப்பட்டதும், பெயர்பெற்ற கல்லூரிகள் பலவும் ‘மதிப்பெண் கட்டாயமில்லை’ என்று அறிவித்தன. அந்த முடிவை விண்ணப்பதாரரின் தலையில் கட்டிவிட்டார்கள்.

200-க்கு இத்தனை கட்-ஆஃப், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படும். அங்கே தரவரிசை கிடையாது. பள்ளியில் எடுத்த பாடங்கள், அவற்றின் மதிப்பெண், கட்டுரை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், பள்ளிக்கு வெளியே செய்தவை எல்லாம் ஒரே கோப்பில் போகும். 1600 வாங்கியும் இடம் கிடைக்காதவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

அப்படியானால் மதிப்பெண் எதற்கு? கோப்பைப் பிரிக்கும் சேர்க்கை அலுவலர் மதிப்பெண்ணை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. பள்ளி அனுப்பிய விவரத் தாளும் பக்கத்தில் இருக்கும்: அங்கே உயர்நிலைக் கணிதம் சொல்லித்தருகிறார்களா, மற்ற மாணவர்கள் பொதுவாக எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1000 எடுப்பதே பெரிது என்ற பள்ளியிலிருந்து வரும் 1400-ஐ அவர் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார். தனிப்பயிற்சிக்குப் பணத்தைக் கொட்டும் பள்ளியிலிருந்து வந்தால் அதே 1400 கண்ணில் படாமலே போகலாம்.

இது மாணவர்களுக்குத் தெரியவில்லை. கல்லூரிகள் வெளியிடுவது, சேர்ந்தவர்களில் நடுப்பாதிப் பேர் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள் என்ற கணக்கு. கீழ் எண்ணுக்கும் கீழே கால்வாசிப் பேர் இருக்கிறார்கள் என்பதை மறந்து, அந்தக் கீழ் எண்ணையே கட்-ஆஃப் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘கட்டாயமில்லை’ வந்தபின் நிலைமை இன்னும் மோசம். குறைவாக எடுத்தவர்கள் மதிப்பெண்ணை அனுப்பவில்லை. அதனால் வெளியான எண்கள் தாமாகவே ஏறின. அதைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் பலர் மறைத்தார்கள்.

டார்ட்மவுத்தின் பேராசிரியர்கள், மறைக்கப்பட்ட மதிப்பெண்களையும் எடுத்துவைத்துப் பார்த்தார்கள். வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்து 1400-க்கு மேல் எடுத்தவர்கள் பலர் அதை அனுப்பாமல் விட்டிருந்தார்கள். அனுப்பியிருந்தால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும். ஏழைகளுக்கு உதவும் என்று நினைத்துத் திறந்த வழி அவர்கள் காலையே வாரியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் டார்ட்மவுத் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. பிரவுனும் ஹார்வர்டும் அடுத்த சில மாதங்களுக்குள் பின்தொடர்ந்தன. எம்.ஐ.டி. 2022-லேயே திரும்பிவிட்டது. அங்கே எந்தத் துறை மாணவரானாலும் கால்குலஸும் இயற்பியலும் படித்தே ஆக வேண்டும். கணித அடித்தளம் இல்லாதவரைச் சேர்த்துக்கொண்டு திண்டாட விடுவது யாருக்கும் நல்லதல்ல.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. மாணவர்கள் கல்லூரிப் படிப்பில் எப்படித் தேறுவார்கள் என்பதை மதிப்பெண்கள் நன்றாகவே காட்டுகின்றன என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் குழுவே 2020-இல் அறிக்கை தந்தது. நிர்வாகக் குழு அதைக் கேட்கவில்லை. இன்று அங்கே எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. பணக்காரப் பிள்ளைகளே அதிகம் எடுக்கும் தேர்வு என்ற எதிர்ப்பாளர்களின் வாதம் பொய்யல்ல. ஆனால் கட்டுரையைத் திருத்தித் தரவும், ஒரு வெளிநாட்டுச் சேவைப் பயணத்துக்கு அனுப்பவும் தேர்வுப் பயிற்சியைப் போலவே பணம் செலவாகும் என்பதை ஏனோ அவ்வளவாகப் பேசுவதில்லை.

ராஜ் செட்டியும் இரு சக பொருளியலாளர்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் கை வைத்தது. ஐவி லீக் என்று அழைக்கப்படும் பெயர்பெற்ற கல்லூரிகள் எட்டும், ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டியூக், சிகாகோ என்ற நான்கும் அவர்கள் எடுத்தவை. ஒரே அளவு மதிப்பெண் எடுத்த நடுத்தரக் குடும்பப் பிள்ளையைவிட, உச்சியில் உள்ள ஒரு சதவீதப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல். முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குக் காட்டும் சலுகை, விளையாட்டு வீரர்களுக்கான இடங்கள், பாடத்துக்கு வெளியே உள்ள திறமைகளுக்குத் தரும் மதிப்பீடு ஆகியவையே இதற்குப் பெரும்பாலும் காரணம். எம்.ஐ.டி.யில் முன்னாள் மாணவர் சலுகை கிடையாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸும் அதைக் கைவிட்டுவிட்டது. தேர்வைத் திரும்பக் கொண்டுவந்த ஹார்வர்டு, அந்தச் சலுகையை மட்டும் அப்போது தொடவில்லை.