பின்னங்கால் தளர்ந்த பெரிய நாய்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் ஒன்றாக வருகிறது பொம்மையார்பாளையம். சாலைக்குக் கிழக்கே மீனவர் குடியிருப்பு. மேற்கே செம்மண் மேடும் முந்திரித் தோப்பும் ஆரோவில்லுக்கு ஏறும் பாதைகளும். இப்படிப்பட்ட இடத்தில் தோட்டத்தோடு வீடு கட்டுகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு பெரிய நாயை. லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ ராட்வைலரோ குட்டியாக வந்து சேர்கிறது. ஆறேழு வருடம் கழித்து, அது காலையில் எழுந்திருக்கத் தடுமாறும்போதுதான் இடுப்பு மூட்டு என்று ஒன்று இருப்பதே வீட்டாருக்கு நினைவுக்கு வருகிறது.

நாய் வலியைச் சொல்லி அழாது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது முன்னங்கால்களை ஊன்றி, உடம்பை முன்னால் இழுத்து, பின்பகுதியைக் கடைசியில் தூக்கும். ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல் போலத் தாவும். நிற்கும்போது பின்பாதங்கள் நெருங்கியிருக்கும். மேலிருந்து பார்த்தால் தோள் அகன்றும் தொடை மெலிந்தும் தெரியும். பின்னங்கால் சுமக்க வேண்டிய எடையை முன்னங்கால்கள் வாங்கிக்கொண்டதன் அடையாளம் அது. மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த நாய் படிக்குக் கீழேயே படுக்கத் தொடங்குவதை ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம். அந்தச் சொல்லில் பல வருட வலி மறைந்துபோகிறது.

தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். ஹிப் டிஸ்ப்ளேசியா என்னும் கோளாறுள்ள நாய்க்குப் பிறக்கும்போது இந்த மூட்டு பார்வைக்குச் சரியாகவே இருக்கும். வளரும் மாதங்களில் மூட்டைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்து, தலை குழிக்குள் ஆட ஆரம்பிக்கிறது. ஆடுகிற தலை குழியின் விளிம்பைத் தேய்க்கிறது, குழி ஆழம் குறைகிறது, குருத்தெலும்பு கிழிகிறது. உடல் அதைச் சரிக்கட்ட ஓரங்களில் புது எலும்பை வளர்க்க, மூட்டு இறுகி மூட்டுவாதம் வந்து சேர்கிறது. நாய்களில் இந்தக் கோளாறை 1935இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஜெர்ரி ஷ்னெல் விவரித்தார். பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் நோய் என்பதால் ஒரே சோதனையில் இதை ஒழிக்க முடிவதில்லை. ஆனால் மரபணு பாதிக் கதைதான். மீதிக் கதை சாப்பாட்டுத் தட்டிலும் வீட்டுத் தரையிலும் நடக்கிறது.

தட்டின் கதைக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் வெளியான முடிவுப்படி, குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். இடுப்பு மூட்டுவாதம் எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கிய வயது நிறையச் சாப்பிட்ட நாய்களில் சுமார் 6, ஒல்லியானவற்றில் சுமார் 12. எந்த மாத்திரையும் இதுவரை இப்படி ஆறு வருடத்தை வாங்கிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஏற்கெனவே நொண்டும் நாய்க்கும் இது பொருந்தும். பருமனான நாய்களின் எடையைக் குறைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், உடல் எடையில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தபோதே நொண்டல் தெளிவாகக் குறைந்தது. 40 கிலோ நாய்க்கு அது இரண்டரைக் கிலோதான். ஆனால் நம் வீடுகளில் பருப்புச் சாதம், மிச்ச இட்லி, டீயோடு இரண்டு பிஸ்கட், பாட்டி ரகசியமாகப் போடும் தயிர்சாதம் என்று கணக்கில்லாமல் உள்ளே போகிறது. லாப்ரடார் கெஞ்சுவது நடிப்பும் அல்ல. பசியடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணு ஒன்று அந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குச் சிதைந்திருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்க்கு உண்மையிலேயே பசிக்கிறது. அதனால்தான் கட்டுப்பாடு வீட்டாரிடம் இருக்க வேண்டும். அளவு சரியா என்று பார்க்கத் தராசுகூட வேண்டாம்: கையை நீட்டிப் புறங்கையைத் தடவும்போது எலும்பு எவ்வளவு தட்டுப்படுகிறதோ, நாயின் விலாவும் அவ்வளவு தட்டுப்பட வேண்டும். உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் எடை அதிகம்.

குட்டிக்குக் கால்சியம் டானிக் ஊற்றுவது நம் ஊரில் பாசத்தின் அடையாளமாகிவிட்டது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகள், அதிகக் கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுப்பதைக் காட்டின. இளங்குட்டியின் குடலுக்குக் கூடுதல் கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது. பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனத்தைத் தின்னும் குட்டிக்கு டானிக் தேவையே இல்லை.

இனி தரை. டைல்ஸும் கிரானைட்டும் போட்ட கூடம் பின்னங்கால் தளர்ந்த நாய்க்குத் தினசரி ஆபத்து. ஒருமுறை கால் அகன்று வழுக்கினால், ஏற்கெனவே புண்பட்ட மூட்டு இன்னும் இழுபடும். அடுத்த முறை எழவே அது பயப்படும். படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கும் வாசலுக்கும் போகிற வழியில் ரப்பர் பாயோ கயிற்று மிதியடியோ வரிசையாகப் போட்டால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். சாக்கு போடுவதானால் நகராதபடி ஓரத்தை ஒட்ட வேண்டும். பாதத்து விரலிடுக்கில் வளர்ந்த முடியை வெட்டி, நகத்தையும் குறைத்துவிடுவது அடுத்த வேலை. நீண்ட நகம் தரையில் பட்டால் பாதம் பிடிப்பை இழக்கும். வெறும் சிமெண்டில் படுத்தால் முழங்கை காய்த்து வீங்கும் என்பதால் பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று வேண்டும். வாசலில் இரண்டு படி இருந்தால் பலகையைச் சாய்த்து, மேலே பாய் ஆணியடித்து விடலாம். எழ முடியாத காலையில், ஈரிழைத் துண்டு ஒன்றை அடிவயிற்றுக்குக் கீழே, தொடைக்குச் சற்று முன்னால் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துத் தூக்கினால், நாய் முன்னங்காலால் நடக்க, பின்பாரத்தைக் கை தாங்கும். ஆண் நாயாக இருந்தால் குறியை அழுத்தாமல் துண்டை வைக்க வேண்டும்.

கடல் பக்கத்தில் இருக்கும்போது நீச்சல் நினைவுக்கு வரும். தண்ணீரில் உடல் எடை மூட்டின் மேல் இறங்காமல் தசை வேலை செய்வதால் அது அருமையான பயிற்சிதான். ஆனால் இந்தக் கரை அதற்கு ஏற்றதல்ல. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 1980களில் எழும்பிய பிறகு வடக்கே மணல் வந்து சேர்வது தடைபட்டு, இந்தப் பக்கத்துக் கடற்கரைகள் அரிக்கப்பட்டுவிட்டன. பல இடங்களில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அலை அடித்துப் புரட்டும் இடத்தில் தளர்ந்த நாயை இறக்குவது கொடுமை. பம்புசெட் தொட்டி, ஆழமில்லாத ஏரிக்கரை, பயம் தெளியும் வரை கழுத்துப்பட்டையில் ஒரு கை, அது போதும். நடைக்கு அலை நனைத்து இறுகிய மணல் நல்லது. கால் புதையும் உலர்மணல் வேண்டாம். விடிகாலையில் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடப்பது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் இழுத்துப்போவதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

மீன் கிடைக்கும் ஊரில் இன்னொரு வசதி உண்டு. மத்தி, கவலை போன்ற கொழுப்புள்ள மீன்களின் ஒமேகா-3 மூட்டு வீக்கத்தைத் தணிக்கிறது. 2022இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று இதற்குச் சான்று இருப்பதாகவும், கடைகளில் அதிகம் விற்கும் குளுக்கோசமைன்-காண்ட்ராய்டின் மாத்திரைகள் வலியைக் குறைப்பதாகச் சான்று இல்லை என்றும் சொன்னது. மீனை உப்பில்லாமல் வேகவைத்து முள் நீக்கித் தர வேண்டும். கருவாடு கூடாது. மீன் எண்ணெயின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அதிகமானால் வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

வலி மாத்திரையில் மட்டும் துணிச்சல் காட்டவே கூடாது. நமக்கு வாங்கி வைத்த இபுபுரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா 2006இல் தடை செய்தது, அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால். அதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்ட மெலாக்ஸிகாம்தான் இன்று நாய்களின் மூட்டுவலிக்கும் பரவலாகத் தரப்படுகிறது. அதையும் எடை பார்த்து, ரத்தத்தில் ஈரல், சிறுநீரக அளவு பார்த்து, ஸ்டீராய்டோடு சேர்க்காமல் மருத்துவர் சொன்னபடி மட்டுமே தர வேண்டும்.

மருத்துவரிடம் போவதற்கு வேறு காரணமும் உண்டு. நொண்டுகிற நாய்க்கெல்லாம் இடுப்பில்தான் கோளாறு என்றில்லை. தமிழ்நாட்டில் உண்ணி பரப்பும் எர்லிகியா காய்ச்சலிலும் மூட்டுகள் வீங்கி நாய் நடக்க மறுக்கும். அதை ரத்தச் சோதனையில் கண்டுபிடித்து மருந்தால் குணப்படுத்தலாம். முழங்கால் நார் அறுந்திருக்கலாம். வயதான ஜெர்மன் ஷெப்பர்டு வலியே இல்லாமல் பின்பாதத்தைப் புரட்டிப் புரட்டி இழுத்தால் அது தண்டுவட நோயாக இருக்கக்கூடும். புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இந்த ஊருக்கு அருகில் இருக்கும் கல்லூரி. சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி இன்னொன்று. மயக்கம் கொடுத்து, பின்னங்கால்களை நீட்டி எடுக்கும் எக்ஸ்ரேதான் இடுப்பின் நிலையைச் சொல்லும். மிக மோசமான மூட்டுக்கு அறுவை சிகிச்சை உண்டு: தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டுத் தசையே தாங்கும்படி விடுவது, அல்லது செயற்கை மூட்டு பொருத்துவது. முதல் வகை எடை குறைந்த நாய்க்கே நன்றாகக் கைகொடுக்கும் என்பதால் மறுபடியும் சாப்பாட்டுத் தட்டுக்கே வந்து நிற்கிறோம்.

அடுத்த குட்டி வாங்குகிறவர் தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேட்க வேண்டும். ஒழுங்காக நடக்கும் பெற்றோருக்கும் கோளாறுள்ள குட்டி பிறக்கும். குட்டி மூன்று மாதம் ஆகும்வரை மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம்: 2012இல் நார்வேயில் நான்கு பெரிய இனங்களில் நடந்த ஆய்வில், அந்த வயதில் படியேறிய குட்டிகளுக்கு ஆபத்து கூடுதலாகவும், மெத்தென்ற நிலத்தில் சங்கிலியில்லாமல் ஓடியவற்றுக்குக் குறைவாகவும் இருந்தது. கோளாறு தெரிந்த நாயைக் குட்டி போட விடக்கூடாது. ஆனால் கருத்தடையை வளர்ச்சி முடிந்த பிறகே செய்வது நல்லது. ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்யப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு மூட்டுக் கோளாறு கணிசமாக அதிகம் என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வு 2016இல் காட்டியிருக்கிறது.