செல்லின் குணமா, இடத்தின் குணமா?

மூளையின் வலது பாதி முழுவதையும் எடுத்துவிட்டால் பரவும் கட்டி ஒழிந்துவிடுமா என்று அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேன்டி செய்தே பார்த்தார். அதை 1928இல் எழுதியும் வெளியிட்டார். கட்டி திரும்பவே செய்தது. கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய வகையில் இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. கதிர்வீச்சோடு டெமோசோலோமைட் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், நோயாளிகளில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. அவ்வளவுதான். இந்தப் பிடிவாதத்துக்கு டொரன்டோவின் ஷீலா சிங், பீட்டர் டிர்க்ஸ் குழு 2004இல் ஒரு விளக்கம் தந்தது. சிடி133 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய கட்டிச் செல்கள் நூறே போதும், எலியின் மூளையில் புதுக் கட்டி முளைத்தது. அது இல்லாத செல்களை ஒரு லட்சம் செலுத்தியும் முளைக்கவில்லை. கோரையை மேலே அறுத்துப் பயனில்லை, கிழங்கைத் தோண்ட வேண்டும் என்பதுபோல, கட்டியைப் புதிதாக உண்டாக்கவல்ல இந்தப் புற்று ஸ்டெம் செல்களை அழித்தால் போதும் என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்பது என் கருத்து. சிடி133 இல்லாத செல்களும் கட்டியை உண்டாக்குவதைப் பிற்பாடு வேறு ஆய்வகங்கள் கண்டன. 2019இல் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தபோது, கிளியோபிளாஸ்டோமா செல்கள் நான்கு நிலைகளில் இருப்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவை மாறக்கூடும் என்பதும் தெரிந்தது. அப்படியானால் இலையே கிழங்காகிவிடும். எது அதைத் தூண்டுகிறது? மரபணுக் கோளாறுகளுக்குப் பங்குண்டு, சுற்றுப்புறத்துக்கும் உண்டு. ஸ்டெம் செல்கள் ரத்தக் குழாய்களை ஒட்டிக் குடியிருப்பதை 2007இல் கண்டார்கள். ஆக்சிஜன் குறைந்த பகுதிகளும் ஸ்டெம் செல் குணத்தை வளர்க்கின்றன. நோய் எதிர்ப்புக்கென்றே உள்ள மைக்ரோகிளியாவும் மேக்ரோபேஜ்களும் கட்டிக்குள் பெருங்கூட்டமாகத் திரண்டு, அதை எதிர்க்காமல் வளர்ச்சிக்குத் துணைபோகின்றன. எல்லாவற்றையும்விட வியப்பு, நரம்புச் செல்கள் புற்றுச் செல்களோடு நேரடி இணைப்பு வைத்துக்கொண்டு மின்சமிக்ஞையால் அவற்றை வளர்ப்பது. இதுவும் 2019இல்தான் தெரியவந்தது. போகிற போக்கில் ஒன்று: டொரன்டோ சோதனை நடந்தது நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய எலிகளில். சுற்றுப்புறத்தின் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டுத்தான் செல்லின் குணத்தை அளந்திருக்கிறார்கள்.

சுற்றுப்புறத்தைத் தாக்கியும்தான் பார்த்தாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் பெவாசிசுமாப், 2014இல் முடிவு வெளியான இரு பெரிய சோதனைகளில் கட்டி மீண்டும் வளர்வதைத் தள்ளிப்போட்டதே தவிர ஆயுளை நீட்டவில்லை. ஆனால் குழாயை மட்டும் ஒடுக்கினால் ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்த இடம் ஸ்டெம் செல்லுக்கு இன்னொரு புகலிடம். ஒரு வாசலை அடைத்து மற்றொன்றைத் திறந்துவிட்ட சிகிச்சையின் தோல்வி, சுற்றுப்புறம் முக்கியமில்லை என்பதற்குச் சான்றாகாது. செல்லையும் அதன் புகலிடங்களையும் ஒரே சமயத்தில் தாக்கும் சிகிச்சைகளுக்கே இனி வாய்ப்பு அதிகம். வலிப்பு நோய்க்குத் தரும் பெராம்பனெல், எலிகளில் நரம்பு இணைப்பின் தூண்டுதலைக் குறைத்துக் கட்டியின் வளர்ச்சியை மந்தப்படுத்தியிருக்கிறது. ஆனால் எலியில் பலித்தது மனிதரிடம் பலிக்காமல் போனதுதான் இந்த நோயின் வரலாற்றில் அதிகம்.