எக்ஸ்-கதிர் நிறமாலையும் சிறுதிணிவு இரட்டை உடுக்களும்

1962ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலிருந்து ஏவப்பட்ட றொக்கெற்று ஒன்று, விருச்சிக இராசியின் திசையிலிருந்து வலிமைமிக்க எக்ஸ்-கதிர்கள் வருவதைக் கண்டறிந்தது. சந்திரனிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களைத் தேடிய ஜியாக்கோனி குழுவினருக்கு இஃது எதிர்பாராத பேறாயிற்று. விருச்சிக எக்ஸ்-1 எனப் பெயர்பெற்ற அம்மூலம் சிறுதிணிவு எக்ஸ்-கதிர் இரட்டை உடு வகையைச் சார்ந்தது என்பது பின்னர் புலனாயிற்று.

இத்தகைய தொகுதியில் ஓர் உறுப்பு, பெரும்பாலும் ஞாயிற்றிலும் குறைந்த திணிவுடைய சாதாரண உடுவாகும். "சிறுதிணிவு" என்னும் அடை அதனையே குறிக்கும். மற்றையது நியூத்திரன் உடு அல்லது கருந்துளை. சாதாரண உடுவின் வாயு மற்றையதை நோக்கி வழிந்து, வட்டாகச் சுழன்று, உராய்வினால் ஏறத்தாழ ஒரு கோடி கெல்வின் வரை வெப்பமுற்று எக்ஸ்-கதிர்களை வீசுகின்றது. நியூத்திரன் உடுவில் விழும் பொருள், அதே அளவு ஐதரசன் கருச்சேர்க்கையுறும்போது வெளிப்படும் சத்தியைப் போல் இருபது மடங்குக்கு மேலான சத்தியை வெளியிடும்.

மையத்தில் இருப்பது எது? தொலைகாட்டியில் நாம் காண்பது ஒரு புள்ளியையே. எனவே அதன் கதிர்களைச் சத்திவாரியாகப் பிரித்து, நிறமாலையை ஆராய்தல் வேண்டும். அதில் மூன்று கூறுகளை நாம் காணலாம். முதலாவது, வட்டின் வெப்பக் கதிர்வீசல். இரண்டாவது, சூடான இலத்திரன்களாற் சிதறி உயர்சத்தி பெற்ற கதிர்கள். மூன்றாவது, 6.4 முதல் 7 வரையான கிலோ இலத்திரன் உவோற்றுப் பகுதியில் தோன்றும் இரும்புக் கோடு. வட்டின் வேகத்தாலும் வலிய ஈர்ப்பாலும் அக்கோடு அகன்றிருப்பின், வட்டின் உள்விளிம்பு மையத்தை எவ்வளவு அணுகியுள்ளது என மதிப்பிடலாம்.

ஆயினும் ஒரே நிறமாலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் பொருந்துவதுண்டு. 1980களில், மென்கதிர்கள் வட்டிலிருந்து வருவன என்றும், சிதறலுற்ற கதிர்களே வட்டிலிருந்து வருவன என்றும் இருவேறு கொள்கைகள் எழுந்தன. இரண்டும் அவதானங்களுக்கு இசைந்தன.

நிறமாலை காலத்தோடு மாறும் முறை இவ்விடத்தில் நமக்குத் துணையாகின்றது. என்ஜிசி 6624 என்னும் கோளக் கொத்திலுள்ள மூலமொன்று சில செக்கன்களுக்குத் திடீரென ஒளிர்ந்து தணிவதை, நெதர்லாந்துச் செய்மதியின் 1975ஆம் ஆண்டு அவதானங்கள் காட்டின. நியூத்திரன் உடுவின் மேற்பரப்பிற் படிந்த வாயு கருச்சேர்க்கையால் வெடிப்பதே இத்தகைய நிகழ்வுகளுக்குக் காரணம். வெடிப்பின் நிறமாலை ஏறத்தாழக் கரும்பொருளினதை ஒத்தது. வெப்பநிலை குறையக் கதிர்வீசல் அதன் நான்காம் அடுக்குக்கு இணங்கக் குறையுமாயின், வீசும் பரப்பு மாறவில்லை என்பது பெறப்படும். தூரம் தெரிந்தவிடத்து ஆரையையும் கணிக்கலாம். விடை பத்துக் கிலோமீற்றர் அளவில் அமைகின்றது. வளிமண்டலத்தின் விளைவுக்காக இக்கணிப்பைத் திருத்துதல் அவசியம்.

கருந்துளைக்கு மேற்பரப்பில்லை, ஆதலின் அங்கு இவ்வெடிப்பு நிகழாது. எனினும் வெடிப்பின்மை ஒன்றையே கருந்துளைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. துணை உடுவின் இயக்கத்திலிருந்து மையப் பொருளின் திணிவையும் அறிதல் வேண்டும். நிறமாலை, அதன் காலமாற்றம், திணிவு ஆகிய மூன்றும் ஒருங்கிசையும்போதே நம் முடிபு உறுதிபெறும்.