உஜமா என்னும் ஒரு சொல்

பட்டப்படிப்பை முடித்த மகனோ மகளோ, ‘அடுத்து ஆப்பிரிக்காவைப் பற்றிப் படிக்கப் போகிறேன்’ என்று சொன்னால், நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, அதுவும் ஒரு படிப்பா என்பதுதான். வரலாறு பயிலலாம், பொருளாதாரம் பயிலலாம். ஒரு நிலப்பரப்பையே பாடமாகக் கொள்வது எங்ஙனம் என்று பெற்றோர் வினவுவது இயல்பே. பிராந்திய ஆய்வு எனப்படும் இம் மேற்படிப்பு, ஒரு பகுதியில் வாழும் மக்களின் பண்பாடு, சமூகம், அரசியல் ஆகிய மூன்றையும் பிரித்துவிடாமல் ஒருங்கே பயிலுவதாகும். ஏன் பிரிக்கலாகாது என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஒரு சொல்லைக் கொண்டு விளக்க முயல்வோம்.

மேலை நாடுகளில் இத்துறை அறிவு வேட்கை ஒன்றினால் மட்டும் வளர்ந்ததன்று. லண்டனில் 1916-இல் நிறுவப்பெற்ற கீழ்த்திசைக் கல்விக் கூடத்தின் நோக்கங்களுள் ஒன்று, பேரரசின் அலுவலர்க்கு ஆளப்படுவோரின் மொழிகளைக் கற்பிப்பது. சோவியத் நாடு 1957-இல் ஸ்புட்னிக்கை வானில் ஏவியதும், அமெரிக்கா மறு ஆண்டே பாதுகாப்பின் பெயரால் ஒரு கல்விச் சட்டம் இயற்றி, அயல்மொழிகளுக்கும் பிராந்திய ஆய்வுக்கும் பணம் ஒதுக்கியது. நம் நாட்டின் தொடக்கம் வேறு வகையானது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 பாண்டுங் நகரில் கூடிய 1955-ஆம் ஆண்டிலேயே டில்லிப் பல்கலைக் கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுத் துறை தோன்றிற்று. அதே ஆண்டு டில்லி சப்ரூ இல்லத்தில் சர்வதேச ஆய்வுப் பள்ளியும் தொடங்கப் பெற்று, 1970-இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தோடு இணைந்தது. ஆள்வதற்காக அன்றி, உடன் விடுதலை பெறுவோரை அறிவதற்காகப் பிறந்த முயற்சி இது என்று நாம் கருதுகிறோம்.

அறிவதாயின் மொழி வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் அது சுவாஹிலி. இந்தி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு அதில் பழகிய முகங்கள் சில தென்படும். கடைக்குத் ‘துக்கா’ என்பர். காப்பீட்டுக்குப் ‘பீமா’ என்பர். புத்தகத்துக்குக் ‘கிதாபு’ என்பர். ஆனால் பல புத்தகங்களைக் குறிக்க வேண்டுமானால், அது ‘விதாபு’ ஆகிவிடுகிறது! கத்தி ஒன்றாயின் ‘கிசு’, பலவாயின் ‘விசு’ என்பது அம்மொழியின் இலக்கணம். அரபு நாட்டிலிருந்து வந்த சொல்லையும் அது தன் இலக்கணத்துக்குள் அடக்கிக்கொண்டது. கடல் வாணிகத்தின் நூற்றாண்டுகள் பலவும் இந்த ஓர் எழுத்து மாற்றத்தில் பதிந்துள்ளன. காலக் கணக்கும் அவர்க்குத் தனி. கதிர் எழுவதிலிருந்து எண்ணுவதால், நமது காலை 7 மணி அவர்க்கு முதல் மணி. நாழிகையை உதயத்திலிருந்து கணக்கிட்ட நம் முன்னோர்க்கு இது வியப்பாக இராது.

இனி, முன்னே குறித்த சொல். ‘ஜமா’ என்றால் சுற்றத்தார். ‘உஜமா’ என்றால் சுற்றமாயிருக்கும் தன்மை. தான்சானியாவின் தலைவர் ஜூலியஸ் நியரேரே, 1962-இல் எழுதிய கட்டுரையிலும் 1967-இன் அருஷா பிரகடனத்தைத் தொடர்ந்தும் இச்சொல்லைத் தம் கொள்கையின் பெயராக்கினார். ஆங்கில நூல்கள் இதனைச் ‘சோஷலிசம்’ என்று பெயர்த்துவிட்டு அப்பால் செல்லும். உழவனின் செவியில் விழுந்ததோ உறவின் சொல். உண்டதைப் பகிர்தல், நிலத்தில் கூடி உழைத்தல், மூத்தோர் சொற்கேட்டல் ஆகிய கடமைகள் அதனுள் அடங்கியிருந்தன. நாட்டுப்புற மக்கள் அனைவரும் 1976-க்குள் வகுத்த கிராமங்களில் குடியேறியாக வேண்டும் என்று 1973-இல் ஆணை பிறந்தபோது, அந்த உறவுச் சொல்லே கட்டளையின் சொல்லாயிற்று. பல இலட்சம் மக்கள் இடம் பெயர்ந்தனர். பலவிடங்களில் வற்புறுத்தலின் பேரில். விளைச்சல் குன்றியது, வறட்சியும் சேர்ந்துகொண்டது.

பொருளாதாரம் மட்டும் பயின்றவர் இதில் தோற்றுப்போன வேளாண்மைத் திட்டம் ஒன்றைக் காண்பார். அரசியல் மட்டும் பயின்றவர் ஒரு கட்சி ஆட்சியைக் காண்பார். மக்கள் ஏன் முதலில் நம்பினர், நூற்றுக்கு மேற்பட்ட இனத்தார் ஏன் இன்றும் ஒரே மொழியால் ஒரு நாட்டவராய் உள்ளனர், நியரேரே ஏன் இன்னும் ‘ஆசிரியர்’ என்றே அன்போடு அழைக்கப்படுகிறார் என்பவை அவ்விருவர்க்கும் எட்டா. அச்சொல்லை வீட்டுப் பேச்சில் கேட்டவர்க்கே எட்டும்.

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நாம் நிதானித்துப் பயில வேண்டிய ஏடு ஒன்றும் அங்கு உண்டு. உகாண்டாவின் இடி அமீன் 1972-இல் ஆசிய மக்களை 90 நாட்களில் வெளியேறச் சொன்னார். அக்கொடுமைக்கு நியாயம் இல்லை. ஆயினும், ஆங்கில ஆட்சி இந்தியரை இடைநிலை வாணிகராக நிறுத்திய விதத்தையும், துக்காவின் மேடைக்கு இப்புறமும் அப்புறமும் நின்றோர் தனித்தனிப் பள்ளிகளில் பயின்று தனித்தனியே வாழ்ந்ததையும் அறியாமல், அந்நிகழ்ச்சி விளங்காது.

இப்படிப்பில் சேர விழைவோர், அங்கு அப்பகுதியின் மொழி கற்பிக்கப்படுகிறதா, மாணவர் அந்நாட்டில் சில மாதங்களேனும் தங்க வழியுண்டா என்ற இரண்டையும் முதலில் விசாரிப்பது நலம். இரண்டும் இல்லையேல் நூலகமே போதும். வெளியுறவுப் பணி, செய்தித் துறை, வாணிகம், ஆசிரியப் பணி ஆகியவற்றில் இதற்கு இடமுண்டு. இடங்கள் மிகுதி என்று சொல்வதற்கில்லை. ஆனால் தேவை குறையவில்லை. சென்னை ஐ.ஐ.டி. தன் கிளையைச் சான்சிபார்த் தீவில் 2023-இல் திறந்துள்ளது. வகுப்பறையில் ஆங்கிலம் போதும். சந்தைக்குச் சுவாஹிலி வேண்டும்.

நம் நகரங்களில் பயிலும் தான்சானிய மாணவர் எவரேனும் அறிமுகமானால், ஒரு நாள் உணவுக்கு அழைத்துப் பேசிப் பார்க்கலாம். சுவாஹிலியிலேயே அழைக்கத் துணிவோர், எட்டு மணி என்று சொல்லிவிடலாகாது. விருந்தினர் பிற்பகல் இரண்டுக்கே வந்து நிற்பார்.