நடுக்குவாதம்: மூளையின் தூதனைக் கண்ட அறிஞர்



வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கினால், “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிடுகிறோம். நடை தளர்ந்து கால் தரையைத் தேய்த்தால், சோம்பல் என்று கடிந்துகொள்வோரும் உண்டு. முகத்தில் சிரிப்பின்றி, அதிகம் கண்ணிமைக்காமல் அவர் உட்கார்ந்திருந்தால், காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரிக்க அழைத்துச் செல்வோரும் இருக்கிறார்கள். ஆனால் இம்மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அதனை நடுக்குவாதம் என்பர். 1817ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றித் தனி நூல் எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயரால், உலகம் இன்று இதனைப் பார்க்கின்சன் நோய் என்று அழைக்கிறது.

அவர் நூல் எழுதி நூற்று நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னரும், மூளையில் எந்தப் பொருள் குறைவதால் இந்நோய் வருகிறது என்பது எவருக்கும் தெரியாமலே இருந்தது. அதைக் கண்டறிய வழி திறந்தவர், சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன். அவருடைய ஆய்வையும், அதனால் நமக்கு விளைந்த பயனையும் இன்று பார்ப்போம்.

முதலில் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் துரை ஒரு கட்டளை இடுகிறார். அது கிராணியிடம் வந்து, கிராணியிடமிருந்து மண்டோருக்குப் போய், பெரட்டில் நிற்கும் தொழிலாளரை அடைகிறது. அதுபோலவே, “கையைத் தூக்கு” என்னும் மூளையின் கட்டளையும் நரம்பணு விட்டு நரம்பணு தாண்டித்தான் தசையை அடைகிறது. ஆனால் ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் இடையில் மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உள்ளது. பாலமில்லாத ஆற்றைச் சம்பான் ஏறிக் கடப்பது போல, அந்த இடைவெளியைச் சில இரசாயனப் பொருள்கள் கடந்து செய்தியைக் கொண்டு சேர்க்கின்றன. இவற்றை மூளையின் தூதர்கள் எனலாம். தூதர் இல்லையென்றால் கட்டளை அக்கரை சேராது. கை நல்ல கைதான், தசையும் வலுவான தசைதான். ஆனாலும் அசைய வேண்டிய நேரத்தில் அசையாது.

கார்ல்சன் 1923ஆம் ஆண்டு சுவீடனின் உப்சாலா நகரில் பிறந்தார். லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். தொடக்கத்தில் அவர் ஆராய்ந்தது உடலிலுள்ள கால்சியச் சத்தைப் பற்றி. அந்த ஆய்வை நம்பி எதிர்பார்த்த பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. மனம் தளராமல் வேறு துறை தேடி, 1955இல் அமெரிக்காவுக்குச் சென்று, பெர்னார்ட் பிரோடி என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் சில மாதங்கள் பணியாற்றினார். அங்கேதான் ரெசர்பின் என்னும் மருந்து அவருக்கு அறிமுகமாயிற்று.

இந்த ரெசர்பின் நமக்கு அந்நியமான பொருளன்று. இந்திய மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது அது. இரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் அதனைக் கொடுத்துவந்தார்கள். அதைச் செலுத்திய விலங்குகள் அசைவற்றுப் படுத்துவிடும். ஏன் அப்படி ஆகிறது என்பதே கார்ல்சனின் கேள்வி.

நாடு திரும்பிய அவர், முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். முயல்கள் காது தொங்க, உயிருள்ள பொம்மைகள் போல அசையாமல் கிடந்தன. பின்னர் டோபா என்னும் பொருளை அவற்றுக்கு ஊசி வழியே செலுத்தினார். சிறிது நேரத்தில் அந்த முயல்கள் எழுந்து ஓடத் தொடங்கின! இச்செய்தியை 1957இல் அவர் வெளியிட்டார்.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. டோபா மூளைக்குள் சென்று டோபமின் என்னும் பொருளாக மாறும். டோபமினோ நோரட்ரீனலின் என்னும் மற்றொரு தூதனாக மாறக்கூடியது. எனவே டோபமினைத் தனித் தொழிலற்ற இடைப்பொருள் என்றே அந்நாளில் பலரும் எண்ணினர். ஆனால் எழுந்தோடிய முயல்களின் மூளையைச் சோதித்தபோது, நோரட்ரீனலின் திரும்பி வரவில்லை. டோபமின்தான் திரும்பி வந்திருந்தது. இயல்பான மூளையிலும் டோபமின் நிறைய இருப்பதை 1958இல் கார்ல்சனின் குழு அளந்து காட்டியது. உடல் அசைவை ஆளும் பகுதியிலேயே அது செறிந்திருப்பதை அவருடைய மாணவர்கள் அடுத்த ஆண்டில் கண்டனர். டோபமின் தானே ஒரு தூதன் என்றும், அது குறைவதே நடுக்குவாதத்துக்குக் காரணமாகலாம் என்றும் கார்ல்சன் கூறினார்.

உலகம் உடனே ஏற்றதா? இல்லை. 1960இல் லண்டனில் நடந்த அறிவியல் கருத்தரங்கில் மூத்த அறிஞர்கள் இக்கருத்தை ஐயத்தோடு நோக்கினர். நரம்பின் செய்தியை இரசாயனப் பொருள்கள் சுமந்து செல்வதைக் காட்டி 1936இல் நோபல் பரிசு பெற்ற சர் ஹென்றி டேல் அங்கிருந்தார். அவரே டோபாவை ஒரு நஞ்சாகக் கருதினார். பேரறிஞர்களின் மறுப்பைக் கேட்டும் கார்ல்சன் தம் ஆய்வை விடவில்லை.

அதே ஆண்டில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஒலே ஹோர்னிக்கீவிச் என்பவர், நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையைச் சோதித்து, அதில் டோபமின் மிகக் குறைந்திருப்பதைக் கண்டார். 1961இல் அவரும் வால்தர் பிர்க்மாயர் என்னும் மருத்துவரும் நோயாளிகளுக்கு டோபா ஊசி போட்டனர். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். ஆனால் அந்தப் பயன் சில மணி நேரமே நின்றது. 1967இல் நியூயார்க் மாநிலத்தில் ஜார்ஜ் கோட்சியாஸ் என்பவர், சிறு அளவில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டி வாய்வழியே கொடுத்து, நீடித்த பயன் காணும் முறையை வகுத்தார். முயலில் தொடங்கிய ஆய்வு, பத்தே ஆண்டுகளில் மனிதரின் கைக்கு மருந்தாக வந்து சேர்ந்தது. கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2000ஆம் ஆண்டில்; பால் கிரீன்கார்ட், எரிக் கேண்டல் ஆகிய இருவரோடு அதனைப் பகிர்ந்துகொண்டார். தொண்ணூறு வயதுக்குப் பின்னும் ஆய்வில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், 2018இல் தமது 95ஆம் வயதில் காலமானார்.

நேயர்களே, இம்மருந்து நோயை வேரோடு போக்குவதில்லை. டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதே இந்நோய். அழிந்தவற்றை மீண்டும் உண்டாக்கும் மருந்து இன்றும் கைவசம் இல்லை. சில ஆண்டுகள் சென்றபின் மருந்தின் வேகம் விட்டு விட்டு வருவதும், உடல் தானே நெளிவதும் உண்டு. அப்படியிருந்தும், தன் கையால் சோறு உண்ணவும், தானே சட்டைப் பொத்தான் போடவும் ஒருவருக்குப் பல ஆண்டுகள் துணை நிற்பது இம்மருந்தே. அது சிறிய பயனா?

ஆகவே வீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை சில. கை சும்மா இருக்கும்போது நடுங்குதல், உடல் விறைத்தல், அடி சிறிதாகி நடை மெதுவாதல், எழுத்து வரவரச் சிறுத்தல், மணம் தெரியாமற்போதல் ஆகியவை கண்டால் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். எல்லா நடுக்கமும் இந்நோயன்று. எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மருந்து தொடங்கிய பின், நன்றாக இருக்கிறது என்று எண்ணித் திடீரென நிறுத்திவிடக் கூடாது. அதனால் ஆபத்து உண்டு. இறைச்சி, மீன், முட்டை போன்ற உணவோடு சேர்த்து உண்டால் சிலருக்கு மருந்து சரியாக ஏறுவதில்லை. எனவே உண்ணும் நேரத்தை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் நடப்பதும் உடற்பயிற்சியும் நன்மை தரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூனைக்காலி விதையில் டோபா இருப்பதை 1937இலேயே தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் கண்டு வெளியிட்டனர். நம் செம்பனைத் தோட்டங்களில் மண்ணை மூடப் படரவிடும் கொடிகளுள் பூனைக்காலியின் இனத்தைச் சேர்ந்தது ஒன்றுண்டு. அதற்காக, விதையைப் பறித்து அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். எவ்வளவு உள்ளே போகிறது என்ற கணக்கு தெரியாமல் உண்ணும் மருந்து, மருந்தாகாது.

களைக்கொல்லி அடிப்போருக்கும் ஒரு சொல். பாராகுவாட்டோடு நெடுங்காலம் புழங்கியவர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அதுவே காரணம் என்று முடிவாகவில்லை. மலேசியாவில் 2020 சனவரி முதல் அது தடைசெய்யப்பட்டுள்ளது. எந்த மருந்தை அடித்தாலும் கையுறையும் முகமூடியும் அணிவது நம் கடமை.

நோயாளியின் கை தாமதிக்கிறது. அவருடைய மனமும் அன்பும் தாமதிப்பதில்லை. தேநீர்க் கோப்பையை அவர் எடுக்கும் வரை சற்றுப் பொறுத்திருங்கள். அவரைச் சோம்பேறி என்று ஏசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.